பிள்ளைக போனுக்கும் டிவிக்கும் நேரம் வைக்கிறது எப்படி: எந்தப் பூட்டு முதல்ல, எது அப்புறம்

பாம்பன் பக்கம் போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். வீட்ல ரெண்டு பிள்ளைக, பெரியவனுக்கு 11 வயசு, சின்னவளுக்கு 6. முதல்ல என் வீட்லதான் செஞ்சு பாத்தேன், அப்புறம் கடைக்கு வர்ற அக்காமாரு மதினிமாரு கேக்கக் கேக்க நிறைய வீட்டுப் போன்ல செஞ்சு குடுத்தேன். நேரத்தப் பூட்டுற ஆப்ப எல்லாரும் போட்டுர்றாங்க, ஆனா வரிசை மாத்திப் போடுறாங்க, பத்து நாள் கழிச்சு "தம்பி, வீட்ல ஒரே சண்டை, இத எடுத்து விட்ருங்க"ன்னு திரும்பி வர்றாங்க. அதனால வரிசையப் பத்தித்தான் இதுல அதிகமா எழுதிருக்கேன். மெனுப் பேரெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், பக்கத்துல அதே மாதிரி இருக்கும், தேடுனா கிடைச்சிரும்.

1. முதல்ல வீட்ல எத்தனை ஸ்கிரீன் இருக்குன்னு எண்ணுங்க

ஒரு பேப்பர எடுத்து எழுதுங்க. அப்பா போன், அம்மா போன், அப்பத்தா போன், டிவி, அப்புறம் பீரோக்குள்ள கெடக்குற டிஸ்பிளே உடைஞ்ச பழைய போன், துபாய்லேருந்து மாமா குடுத்துவிட்ட டேப். அந்தப் பழைய போன்தான் நிறைய வீட்ல காலவாருது, சிம் இல்லைன்னு நாம மறந்துர்றோம், வைஃபை இருந்தா அதுக்கு சிம்மே வேணாம்.

ஒரு போனப் பூட்டிட்டு மூணு போனத் திறந்து வச்சா பிள்ளை அடுத்த போனுக்குப் போயிரும், அவ்ளோதான். அதுக்குத்தான் முதல்லயே எண்ணச் சொல்றேன். யாரும் பாவிக்காத போன சுத்தமா அழிச்சு வித்துருங்க, இல்லைன்னா ஆஃப் பண்ணி பீரோவப் பூட்டிருங்க.

2. கையில இருக்க வேண்டியது

உங்க போனோட ஜிமெயில் ஐடியும் அதோட பாஸ்வேர்டும். இங்கதான் பாதிப் பேரு நிக்கிறாங்க. போன் வாங்குன கடையில அந்தப் பையனே ஏதோ ஒரு ஐடி போட்டுக் குடுத்திருப்பான், அது என்னன்னு வீட்ல யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு போனுக்கும் ஒரு புது ஐடி இருக்கும். பெத்தவங்க அக்கவுண்ட்தான் சாவி, அது தொலைஞ்சா பிள்ளை போன நீங்களே திறக்க முடியாம மாட்டிக்குவீங்க. அதனால முதல்ல பாஸ்வேர்ட மாத்துங்க, ரெகவரி நம்பரா இப்ப கையில இருக்குற நம்பரக் குடுங்க, ஒரு நோட்ல எழுதி ரேஷன் கார்டு வைக்கிற எடத்துல வைங்க.

அடுத்தது உங்க போனோட பின் நம்பர். பிள்ளைக்குத் தெரிஞ்ச நம்பரா இருந்தா இன்னைக்கே மாத்துங்க. கைரேகை செட்டிங்கத் திறந்து எத்தனை விரல் ஏத்திருக்குன்னும் பாருங்க, "நம்ம விரல் ரெண்டுதானே, மூணாவது யாரோடது"ன்னு கடையில வச்சுக் கண்டுபிடிச்ச அம்மாக்கள் உண்டு. பிள்ளை விரல் உங்க போன்ல இருந்தா எந்தப் பூட்டும் பூட்டு கெடையாது.

3. ஒரு வாரம் எதையும் பூட்டாதீங்க, கணக்கு மட்டும் பாருங்க

ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ்குள்ள டிஜிட்டல் வெல்பீயிங்னு இருக்கும், எந்த ஆப் ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஓடுதுன்னு அதுவே காட்டும். ஏழு நாள் எழுதி வைங்க. டிவிக்கு கடிகாரத்தப் பாத்து எழுதுங்க.

இந்த ஒரு வாரத்த யாரும் செய்ய மாட்டேங்குறாங்க, நேரா ஒரு மணி நேரம்னு போட்டுர்றாங்க. தினம் அஞ்சு மணி நேரம் பாத்த பயலுக்குத் திடீர்னு ஒரு மணி நேரம்னு வச்சா மூணாவது நாள் வீடு ரெண்டாயிரும், நீங்களே எடுத்து விட்ருவீங்க. ஒரு தடவ எடுத்து விட்டுட்டா அழுதா பூட்டு திறக்கும்னு பிள்ளை கத்துக்கிரும், அப்புறம் ரெண்டாவது தடவ போடுறது ரொம்பக் கஷ்டம். அஞ்சு மணி நேரம் இருந்தா நாலு மணி நேரத்துல ஆரம்பிங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அரை மணி நேரம் கொறைங்க.

எதுவரைக்கும் கொறைக்கிறதுன்னு கேட்டா, இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் (ஐஏபி) 2021-ல சொன்ன கணக்க நான் வச்சுக்கிறேன். 2 வயசுக்குக் கீழ ஸ்கிரீனே வேணாம், சொந்தக்காரங்க கூட எப்பவாவது வீடியோ கால் பேசுறது மட்டும் பரவாயில்ல. 2 வயசுலேருந்து 5 வயசுக்குள்ள ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது. 5 வயசுலேருந்து 10 வயசு வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்குக் கீழ.

4. பெரியவங்ககிட்ட முதல்ல பேசுங்க, பிள்ளைகிட்ட அப்புறம்

வரிசையக் கவனிங்க. பிள்ளைகிட்ட சொன்ன அன்னைக்கு ராத்திரியே அப்பத்தா "பாவம்டா, சாப்பிடட்டும்"னு தன் போனக் குடுத்துட்டா ஆட்டம் முடிஞ்சது. அப்பத்தா, அம்மாச்சி, கூட இருக்குற சித்தி எல்லார்கிட்டயும் ஒரு தடவ உக்காந்து பேசி, அவங்க போனுக்கும் பின் வச்சுக் குடுங்க. சோறு ஊட்டுறதுக்கு போன் குடுக்குற பழக்கம் இருந்தா அத மட்டும் தனியாப் பேசுங்க, அதுதான் கடைசியா விடும், அதுக்கு ஒரு மாசம் எடுத்தாலும் தப்பில்ல.

பிள்ளைகிட்ட சொல்லாமப் பூட்டவே பூட்டாதீங்க. "ஞாயித்துக்கிழமலேருந்து ராத்திரி 9 மணிக்கு போன் தானா தூங்கிரும், காலைல 6 மணிக்கு முழிக்கும்"னு முன்கூட்டியே சொல்லிருங்க. எங்க வீட்ல தேதியச் சொல்லி காலண்டர்ல அவனையே வட்டம் போடச் சொன்னேன். பிடுங்குறது நீங்க இல்ல, மணி அடிச்சா பூட்டுதுன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சிட்டா கோவத்துல பாதி அங்கயே போயிரும்.

5. பிள்ளைக்கு தனி அக்கவுண்ட் போடுறது

பிள்ளைக்குன்னு தனியா ஒரு ஆண்ட்ராய்டு போன் இருந்தா கூகுளோட ஃபேமிலி லிங்க் போதும், பிள்ளை போன உங்க போன்லேருந்தே பூட்டித் திறக்குற ஆப் அது, காசு கிடையாது. உங்க போன்ல ஃபேமிலி லிங்க் ஆப்ப இறக்கி அதுலேருந்தே பிள்ளைக்கு அக்கவுண்ட் உண்டாக்குங்க. பிறந்த தேதிய உண்மையாப் போடுங்க. நிறையப் பேரு "சீக்கிரம் முடியட்டும்"னு 1995, 2000னு போட்டு வச்சிருக்காங்க, அது பெரியவங்க அக்கவுண்டா ஆயிரும், சின்னப்பிள்ளைக்கு உள்ள பாதுகாப்பு எதுவும் அதுல வராது.

ரெண்டாவது தப்பு, அப்பாவோட ஜிமெயிலையே பிள்ளை போன்லயும் போட்டு வைக்கிறது. அப்படி இருந்தா ஃபேமிலி லிங்க் உக்காராது, அப்பாவோட போட்டோ, மெயில், எல்லாமும் பிள்ளை கையில இருக்கும். அத எடுத்துட்டுத்தான் பிள்ளை அக்கவுண்ட ஏத்தணும், நான் பெரும்பாலும் போன முழுசா ரீசெட் அடிச்சே ஆரம்பிக்கிறேன். ரீசெட்டுக்கு முன்னாடி போட்டோவ பேக்கப் எடுங்க, ஸ்கூல் வாட்ஸப் குரூப்ப அம்மா நம்பருக்கு மாத்தச் சொல்லி டீச்சர்கிட்ட கேளுங்க, ஜிபே போன்பே இருந்தா எடுத்துருங்க. பிள்ளை விளையாடுற போன்ல காசு ஆப் இருக்கவே கூடாது.

கடலுக்குப் போற வீடுகளுக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு. அப்பா போன்ல மட்டும் ஃபேமிலி லிங்க் வச்சா, விசைப்படகு காலைல கிளம்பிட்டா மறுநாள் காலைலதான் கரைக்கு வரும், நடுக்கடல்ல டவர் கிடையாது, பரிட்சைக்கு ஒரு ஆப் வேணும்னாலும் அனுமதி குடுக்க ஆள் இல்லாமப் போயிரும். அம்மாவையும் அதே ஃபேமிலி குரூப்ல சேத்து பேரன்ட் அனுமதி குடுத்துருங்க, ரெண்டு பேரு போன்லேருந்தும் திறக்கலாம் பூட்டலாம். வெளிநாட்ல வாப்பா இருக்குற கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகள்லயும் இதேதான், உம்மா போன்லயும் சாவி இருக்கணும்.

பிள்ளை போன்ல நெட் இல்லாதப்ப திறக்க வேண்டி வந்தா ஃபேமிலி லிங்க்ல பேரன்ட் ஆக்சஸ் கோடு இருக்கும். அது மாறிக்கிட்டே இருக்குற நம்பர், ஆனாலும் பிள்ளை முன்னாடி சத்தமாப் படிக்காதீங்க.

6. பூட்டுகளப் போடுற வரிசை

எல்லாத்தையும் ஒரே நாள்ல போடாதீங்க. வாரத்துக்கு ஒண்ணு.

முதல் வாரம் ராத்திரிப் பூட்டு. டவுன்டைம்னு இருக்கும், 9 மணிலேருந்து 6 மணி வரைக்கும் வைங்க. இதுல எவ்ளோ நேரம், யாரு எவ்ளோ பாத்தாங்கன்னு பேச்சே வராது, எல்லாரும் தூங்குற நேரம், வாதாட எடமில்ல, அதனாலதான் இத முதல்ல போடச் சொல்றேன். ஒரே வாரத்துல தூக்கம் சரியாகி காலைல எழுப்புற பாடு கொறையிறத நீங்களே பாப்பீங்க, அதப் பாத்ததும் வீட்ல எதுத்துப் பேசுனவங்களும் உங்க பக்கம் வந்துருவாங்க.

இதுலயும் ஒரு சிக்கல் உண்டு. துபாய்ல இருக்குற வாப்பா வேலை முடிஞ்சு அங்க 8 மணிக்குக் கூப்பிட்டா இங்க மணி 9.30. அவரு பாட்டிம்ங்குற (Botim) கால் ஆப்ல கூப்பிடுவாரு, பிள்ளை போன் பூட்டிக் கெடக்கும், அந்தப் பிள்ளை நாள் முழுக்க அந்த ஒரு காலுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கும். ஒரு லாத்தா இதுக்காகவே எல்லாப் பூட்டையும் எடுத்து விட்டுட்டாங்க. அப்படி எடுக்கத் தேவையில்ல, ஆல்வேஸ் அலவ்டுங்குற லிஸ்ட்ல அந்தக் கால் ஆப்ப மட்டும் சேத்துட்டா பூட்டு நேரத்துலயும் அது வேலை செய்யும். இல்லைன்னா அந்தக் கால உம்மா போன்ல எடுங்க. சாதாரண போன் கால் வந்தா பூட்டு நேரத்துலயும் பிள்ளை எடுத்துப் பேசலாம், அவசர காலும் போகும்.

ரெண்டாவது வாரம் ஆப் அனுமதி. புதுசா எந்த ஆப் இறக்குனாலும் உங்களக் கேட்டுத்தான் இறங்கணும்னு வைங்க. வேற பிரவுசர் எதுக்கும் அனுமதி குடுக்காதீங்க, ஃபேமிலி லிங்கோட வெப்சைட் தடை குரோமுக்குத்தான், வேற பிரவுசர் வந்தா அது வழியா எல்லாம் ஓடும். இத நேரக் கணக்குக்கு முன்னாடி போடுறதுக்குக் காரணம், யூடியூபப் பூட்டுன உடனே பிள்ளை அதே மாதிரி இன்னொரு ஆப்பத் தேடும், அந்த வாசல முதல்லயே அடைச்சிரணும்.

மூணாவது வாரம் ஆப் ஆப்பா நேரம். எழுதி வச்ச கணக்க எடுங்க, எது அதிகம் திங்கிதோ அத மட்டும் புடிங்க. எங்க வீட்ல யூடியூபும் ஒரு கேமும்தான், மத்தத நான் தொடவே இல்ல. படிப்பு ஆப்பு, டிக்‌ஷனரி, கால்குலேட்டரெல்லாம் எப்பவும் திறந்தே இருக்கட்டும்.

நாலாவது வாரம்தான் ஒரு நாளைக்கு மொத்தம் இவ்ளோன்னு வைக்கிறது. இந்தக் கணக்கு ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி, போனுக்கு ரெண்டு மணி நேரம், டேபுக்கு ரெண்டு மணி நேரம்னு வச்சா மொத்தம் நாலு. ரெண்டும் இருக்குற வீடுன்னா பிரிச்சு வைங்க. ஸ்கூல் நாளுக்கு ஒண்ணு, சனி ஞாயிறுக்கு ஒண்ணுன்னு வேற வேற வைக்கலாம்.

7. ஒரே போன் தான், அதுவும் அம்மா போன்னா

நம்ம ஊர்ல பாதி வீடு இதுதான், ஆனா யாரும் இதுக்கு வழி சொல்றதில்ல. அம்மா அக்கவுண்ட் இருக்குற போன்ல ஃபேமிலி லிங்க் போட்டு எந்தப் பலனும் இல்ல.

இங்க ஆப் பின்னிங் உதவும். செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள இருக்கும், ஆன் பண்ணி "வெளிய வர பின் கேக்கணும்"ங்குறதையும் ஆன் பண்ணிருங்க. அப்புறம் பிள்ளை பாக்க வேண்டிய ஆப்பத் திறந்து, ரீசன்ட் பட்டன அமுக்கி, அந்த ஆப் ஐகானத் தொட்டா "Pin"னு ஒரு ஆப்ஷன் வரும், அதத் தொடுங்க. இனிமே பிள்ளை அந்த ஒரு ஆப்ப விட்டு வெளிய வர முடியாது, உங்க ஜிபே, வாட்ஸப், போட்டோ எதையும் தொட முடியாது. "பின் கேக்கணும்"ங்குறத ஆன் பண்ண மறக்குறதுதான் நான் அதிகம் பாக்குற தப்பு, ரெண்டு பட்டன சேத்து அமுக்குனா வெளிய வந்துரும், அத ஆறு வயசுப் பிள்ளை ஒரே நாள்ல கண்டுபிடிச்சிரும்.

பின்னிங் நேரத்த எண்ணாது. நேரத்துக்கு டிஜிட்டல் வெல்பீயிங்ல ஆப் டைமர் வைங்க, அதையும் செட்டிங்ஸ் போய் எடுத்துரலாங்குறதால உங்க போன்ல ஆப் லாக் வசதி இருந்தா செட்டிங்ஸயே அதுல பூட்டுங்க.

ஐபோன், ஐபேட் இருந்தா செட்டிங்ஸ்ல ஸ்கிரீன் டைம்னு அதுவே எல்லாத்தையும் வச்சிருக்கும். அதுக்குக் கேக்குற நாலு நம்பர் கோடும் போன் திறக்குற கோடும் ஒண்ணா இருக்கக் கூடாது, அது மட்டும் ஞாபகம் இருந்தாப் போதும்.

8. டிவிக்கு பிளக் டைமர்

ஸ்மார்ட் டிவி கூகுள் டிவியா இருந்தா அதுக்குள்ள கிட்ஸ் புரொஃபைல் உண்டு, பாக்குற நேரமும் தூங்குற நேரமும் வைக்கலாம், பெரியவங்க புரொஃபைலுக்கு பின் போட மறக்காதீங்க. சாதாரண டிவிக்கும் கேபிள் பெட்டிக்கும் எலக்ட்ரிக் கடையில கிடைக்கிற பிளக் டைமர் வாங்குங்க, அத சுவர் சாக்கெட்ல மாட்டி அதுல டிவிய மாட்டணும்.

கையால திருப்புற டைமர்ல சுத்தி 96 சின்னப் பல்லு இருக்கும், ஒவ்வொண்ணும் 15 நிமிஷம். இத வாங்கிட்டுப் போனவங்க ஒரு வாரத்துல "டைமர் கெட்டுப் போச்சு, 9 மணிக்கு அணைய வேண்டியது 10 மணிக்கு அணையுது"ன்னு கொண்டு வருவாங்க. டைமர் கெடல, கரண்ட் போன நேரமெல்லாம் அந்தச் சக்கரமும் நின்னு போயிரும், மொத்தம் ஒரு மணி நேரம் கரண்ட் போயிருந்தா அது ஒரு மணி நேரம் பின்னாடி ஓடும். அதனால பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரா வாங்குங்க, கரண்ட் போனாலும் மணி மாறாது.

இன்னொண்ணு உப்புக் காத்து. கடலுக்குப் பக்கத்து வீடுகள்ல பிளக் முள்ளுல பச்சை பூத்துரும், அப்புறம் சூடாகும். மாசம் ஒரு தடவ மெயின ஆஃப் பண்ணி கழட்டிப் பாருங்க, பூத்திருந்தா காஞ்ச துணியால துடைங்க, கருகிருந்தா தூக்கிப் போட்டு வேற வாங்குங்க. ஃபிரிட்ஜ் ஓடுற எக்ஸ்டென்ஷன் போர்ட இந்த டைமர்ல மாட்டாதீங்க, டைமர் அணைஞ்சா ஃபிரிட்ஜும் அணைஞ்சு மீனெல்லாம் கெட்டுரும்.

9. வைஃபை ரௌட்டர கடைசியா தொடுங்க

ஃபைபர் கனெக்‌ஷன் உள்ள வீடுகள்ல ரௌட்டர்லயே "இந்தப் போனுக்கு இத்தனை மணிக்கு மேல நெட் இல்ல"ன்னு வைக்கலாம். முதல்ல ரௌட்டரோட அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க, அடியில ஸ்டிக்கர்ல எழுதிருக்குறத பிள்ளைகளும் படிக்கும்.

ரௌட்டர் ஒவ்வொரு போனையும் அதோட மேக் அட்ரஸ்ங்குற அடையாள நம்பர வச்சுத்தான் அடையாளம் காணும். ஆனா ஆண்ட்ராய்டு 10-லேருந்தும், ஐபோன்ல ஐஓஎஸ் 14-லேருந்தும் போன்கள் வைஃபைக்குத் தன்னோட உண்மையான அட்ரஸக் காட்டாம ஒரு மாத்து அட்ரஸக் காட்டும். பிள்ளை போன்ல அந்த வைஃபையோட பிரைவசி செட்டிங்குக்குள்ள போய் டிவைஸ் மேக்குன்னு மாத்திட்டு, அதுக்கப்புறம்தான் ரௌட்டர்ல அந்த அட்ரஸ ஏத்தணும். இத மாத்தாமப் போட்டுட்டு "போட்டேன், நிக்கல"ன்னு சொல்றவங்கதான் அதிகம்.

பிள்ளை போன்ல சிம் டேட்டா இருந்தா ரௌட்டர் பூட்டு ஒண்ணுக்கும் ஆகாது, பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்டும் அப்படித்தான். அதனாலதான் இத கடைசில வச்சேன், மேல சொன்னதெல்லாம் போன்லயே நிக்கும், எந்த நெட்ல போனாலும் நிக்கும்.

10. பிள்ளைக கண்டுபிடிக்கிற சந்து பொந்து

போன் மணிய மாத்தி வைக்கிறது. ஆட்டோமேட்டிக் டைம் ஆன்ல இருக்கான்னு வாரம் ஒரு தடவ பாருங்க. கடை ஆப், நியூஸ் ஆப் இதுக்குள்ளயும் குட்டி வீடியோ ஓடும், அதுவும் நேரந்தான், லிஸ்ட்ல எந்த ஆப் திடீர்னு மேல வந்திருக்குன்னு கவனிங்க. நீங்க தூங்குறப்ப உங்க போன்ல அனுமதிய அமுக்கிக்கிறது, அதுக்குத்தான் ரெண்டாவது படியில பின்னையும் விரலையும் பாக்கச் சொன்னேன்.

கண்டுபிடிச்சா அடிக்காதீங்க. என் பையன் ஒரு தடவ மணிய மாத்தி வச்சிருந்தான், நான் கத்தினேன், அதுக்கப்புறம் அவன் எங்கிட்ட எதையும் சொல்றத நிறுத்திட்டான், அத சரி பண்ண ரெண்டு மாசம் ஆச்சு. ஓட்டைய அடைச்சிட்டு "இது எனக்குத் தெரியும்டா"ன்னு மட்டும் சொன்னாப் போதும்.

11. கூடுதல் நேரம் குடுக்குறதும், மீன்பிடித் தடைக்காலமும்

ஃபேமிலி லிங்க்ல அன்னைக்கு மட்டும் கூடுதல் நேரம் குடுக்கலாம். முதல் ரெண்டு வாரம் குடுக்கவே குடுக்காதீங்க. அதுக்கப்புறம் பிள்ளை முன்கூட்டியே, அழாமக் கேட்டா குடுங்க, பூட்டு விழுந்தப்புறம் அழுது கேட்டா அன்னைக்குக் கிடையாது. இதுல அம்மாவும் அப்பாவும் ஒரே வார்த்தை பேசணும்.

பூட்டு விழுற நேரத்துல கைக்கு ஒரு வேலை வைங்க. எங்க வீட்ல 7 மணிக்கு யூடியூப் முடியும், அதே 7 மணிக்கு சாப்பாடு. ஸ்கிரீன் அணைஞ்சு சும்மா உக்காந்திருக்குற அந்தப் பத்து நிமிஷத்துலதான் எல்லாச் சண்டையும் வரும்.

ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், பிள்ளைகளுக்கும் கோடை லீவு. அப்பாவும் வீட்ல, பிள்ளையும் வீட்ல, வெளிய வெயில் கொளுத்துது, பூட்டு உடையிறது பெரும்பாலும் அப்பத்தான். லீவு தொடங்குறதுக்கு முன்னாடியே தனி அட்டவணை போட்டுருங்க, மத்தியானம் ஒரு மணி நேரம் கூட்டிக் குடுங்க, ராத்திரிப் பூட்ட மட்டும் மாத்தாதீங்க. அப்பாமாரும் 9 மணிக்கு போனக் கீழ வைக்கணும், அப்பா பக்கத்துல படுத்துக்கிட்டு ரீல்ஸ் பாத்தா எந்தப் பிள்ளையும் தூங்காது. ஸ்கூல் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பழைய நேரத்துக்கு அரை மணி அரை மணியாத் திருப்புங்க, திறக்குற அன்னைக்குக் காலைல மாத்துனா முதல் நாளே சண்டையோடதான் பிள்ளை பஸ் ஏறும்.